படத்தில் இல்லாத மாடு

புகைப்படத்தைப் பார்த்து அதிலிருக்கும் ஈயின் இனப்பெயரைச் சொல்ல அவருக்கு எட்டு நொடிகள் போதும் என்று எங்கள் பூச்சி ஆர்வலர் குழுவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த எட்டு நொடிகளில் எத்தனை நொடி அவர் படத்தைப் பார்த்தார், எத்தனை நொடி தட்டச்சு செய்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் முதல் ஆள் நான். விலங்கியலில் முதுகலை முடித்திருந்தேன்.

எல்லா ஈக்களும் அவருக்குப் பொருட்டல்ல. ஆங்கிலத்தில் குதிரையின் பெயரைத் தாங்கியும் எங்கள் பக்கத்தில் மாட்டு ஈ என்றும் அழைக்கப்படுகிற, உருவத்தில் பெரிய, கடித்து இரத்தம் குடிக்கிற ஈக்கள் மட்டுமே அவருடைய ஆட்சிப்பகுதி. பூச்சிப் படங்களை ஏற்றுவதற்கென்று இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து யார் மாட்டு ஈயின் படத்தை அதில் ஏற்றினாலும் அடியில் அவர் பெயர் வந்து நிற்கும். இருவர் ஒரே இனப்பெயரைச் சொன்னால் அந்தப் பதிவுக்கு 'உறுதி' என்ற பச்சை முத்திரை கிடைக்கும். முதல் வாக்கு அவருடையது. இரண்டாவது, அவரை மறுக்கத் துணியாத எங்களில் ஒருவருடையது. எங்கள் மாவட்டத்து ஈக்கள் ஒவ்வொன்றாக இப்படித்தான் உறுதியாயின.

அவர் ஏன் மாட்டு ஈயைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அவரிடம் உயர்வான காரணங்கள் பல இருந்தன. பட்டாம்பூச்சியையும் தும்பியையும் மற்றவர்கள் பங்குபோட்டுக்கொண்ட பிறகு மிஞ்சியிருந்தது அதுதான் என்பது என் கணிப்பு. ஒரே மாணவர் இருக்கும் வகுப்பில் அவர் முதல் மதிப்பெண் வாங்கினார்.

மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு கைப்பேசிகள். கீழராஜவீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் அவரோடு பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். வலக்கை சாம்பாரில் இருக்கும். இடக்கைக் கட்டைவிரல் படங்களைத் தள்ளிக்கொண்டே போகும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஓர் உயிரினத்துக்குப் பெயர் விழும். ரசம் வருவதற்குள் நான்கைந்து ஈக்கள் முடிந்திருக்கும்.

"இன்னும் கொஞ்சம் பாருங்களேன் சார். நெற்றி சரியாத் தெரியலையே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"பாத்தவொடனே வரணும்மா. யோசிச்சு வந்தா அது ஐடி இல்ல, ஜோசியம்" என்றார். ஐடி என்பது இனங்காண்பதற்கு எங்கள் குழுவில் வழங்கும் சுருக்கம். பிறகு மோரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "இனம் தெரியலைன்னு எழுதுறதுக்கு எதுக்கும்மா நீங்கள்லாம் எம்.எஸ்ஸி. படிச்சீங்க? அதை எங்க வீட்டுக்குத் தண்ணி கேன் போடுறவரே எழுதிட்டுப் போயிருவாரே" என்றார்.

தண்ணீர் கேன் போடுகிறவர் அப்படி எழுதியிருந்தால் எங்கள் குழுவின் நேர்மையான உறுப்பினர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். இந்த ஈக்களைப் பிரித்தறிய, இரு கண்களுக்கும் இடைப்பட்ட நெற்றியின் அகலத்தைப் பார்க்க வேண்டும். அந்த நெற்றியிலுள்ள பளபளப்பான சிறு மேட்டின் வடிவத்தை, உணர்கொம்பின் அடித்துண்டை, சிறகு நரம்பில் பிரியும் ஒரு கிளையைப் பார்க்க வேண்டும். மேலிருந்து எடுத்த கைப்பேசிப் படத்தில் இவற்றில் பாதி இருக்காது. அந்த நிலையில் பேரினத்தின் பெயரோடு நின்றுவிடுவதுதான் படித்தவர் செய்ய வேண்டியது. அவருக்கு அப்படி நிற்பது வீட்டு வாசல்வரை போய்விட்டு உள்ளே அழைக்கப்படாமல் திரும்புவதைப் போன்ற அவமானம்.

அறந்தாங்கிப் பகுதியில் ஒரு கல்லூரி மாணவி எங்கள் குழுவில் இருந்தாள். அவர் பெயரிட்ட ஒரு படத்தின் கீழ், "நெற்றி மேடு தெரியவில்லை, இனம் உறுதியாகவில்லை" என்று எழுதினாள். குழுவின் கூட்டத்தில், முப்பது பேருக்கு முன்னால் அவர் அவளைப் பார்த்து, "கோளாறு ஈயோட கண்ணுலயாம்மா, ஒங்க கண்ணுலயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவள் அதன்பின் எதற்கும் கருத்து எழுதவில்லை. சில மாதங்களில் குழுவிலிருந்தே விலகிவிட்டாள். வெளிமாநில வல்லுநர் ஒருவர் பின்னாளில் அதே படத்தைப் பார்த்து, இதைக்கொண்டு இனம் சொல்ல இயலாது என்று எழுதினார். உடனே நம்மவர் தம்முடைய வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்த வல்லுநருக்கு மூன்று கைகூப்பும் பொம்மைகளோடு நன்றி தெரிவித்தார். மாணவிக்கு ஒரு பொம்மைகூடப் போகவில்லை.

வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. வளைகுடாவில் வேலை செய்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் மனையின் நீள அகலத்தையும் நான்கு படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இவர் மனைப்பக்கம் எட்டிப் பார்க்காமல் வரைந்து அனுப்புவார். ஒருநாள் நான் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு மேஸ்திரி கூப்பிட்டார். கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"சார், நீங்க போட்ட பிளான்படி பாத்தா அடுப்படிக்கு நடுவுல கெணறு வருது சார்."

"கெணறா? போட்டோல கெணறே இல்லையேய்யா."

"போட்டோ எடுத்தவரு கெணத்து மேடை மேல ஏறி நின்னுல்ல எடுத்திருக்காரு!"

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, படமெடுக்கத் தெரியாதவர்களிடம் கேமராவைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று வருந்தினார். படத்துக்குள் இல்லாத கிணறு உலகத்திலும் இருந்திருக்கக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு.

அவருக்குத் திறமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அது பொய். சித்தன்னவாசலுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வெயிலில் காய்ந்த கறுப்புப் பரப்பின் பளபளப்புக்கு மாட்டு ஈக்கள் ஈர்க்கப்படும் என்பது அவருக்குத் தெரியும். தம்முடைய கறுப்புக் காரைத் துடைத்து வெயிலில் நிறுத்தினார். சொல்லிவைத்ததைப் போல ஈக்கள் வந்து உட்கார்ந்தன. மற்றவர்கள் குகை ஓவியத்தைப் பார்க்க மேலே ஏறினார்கள். அவர் ஏறவில்லை. காரின் முன்மூடியில் முழங்கையை ஊன்றி, சூடு தாங்காமல் முழங்கையை எடுத்து எடுத்து வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு கீழேயே இருந்தேன்.

அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னா சார், ஈயப் போயிப் போட்டோ புடிக்கிறீங்க? அதுக்கும் ஆதார் எடுக்கவா?"

இவர் கண்ணை எடுக்காமல் ஈயின் இருசொல் லத்தீன் பெயரைச் சொன்னார்.

"அந்தப் பேரச் சொன்னா பயந்து ஓடிருமா சார்? அப்பன்னா எங்க ஆட்டுக்கும் சொல்லிக் குடுத்துர்றேன்."

இவர் காதில் அது விழவில்லை. ஆட்டுக்காரர் என்னிடம் திரும்பி, மழைவிட்டுப் பத்து நாளில் கண்மாய்க்கரையில்தான் இந்த ஈ அதிகம் என்றும், உச்சிவெயிலில் விரட்டி விரட்டிக் கடிக்கும் என்றும், ஒரு மாட்டைப் பாதி கடித்துவிட்டு அது வாலை வீசினால் அடுத்த மாட்டுக்குத் தாவும் என்றும் சொன்னார். நாள் முழுவதும் கால்நடைகளோடு நிற்கிற ஒருவர் வலிய வந்து கொடுத்த செய்தி. இவருடைய பதிவுகளில் பெயர் உண்டு, தேதி உண்டு, இடம் உண்டு. எந்தப் பதிவிலும் ஒரு மாடு கிடையாது.

பாக்கியம் அக்காவின் மாட்டைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

விராலிமலையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் அவருடைய ஊர். இரண்டு கலப்பினப் பசுக்கள். நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடைக்கும் பால் சொசைட்டிக்கும் பால் ஊற்றித்தான் குடும்பம் நடந்தது. அவற்றில் ஒன்று ஏழு மாதச் சினை. நான் அப்போது ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்தேன். அந்த ஊர்களில் மாடு வளர்க்கும் பெண்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவை ஏற்படுத்தியிருந்தேன். ஈயைப் பற்றி எது கேட்டாலும் எங்கள் சாரிடம் கேட்டுச் சொல்வதாக அதில் சொல்லியிருந்தேன். மழைவிட்ட ஒரு வாரத்தில், ஒரு புதன்கிழமை காலை, பாக்கியம் அக்காவிடமிருந்து ஒரு படமும் ஒரு குரல்பதிவும் வந்தன.

"ஏத்தா, செனமாட்டுக்கு ரெண்டு நாளா காய்ச்ச விட்டு விட்டு வருது. தொட்டியில வாய வைக்க மாட்டேங்குது. கொட்டாயி பூராம் இந்த ஈ அம்புட்டுக் கெடக்கு. இது கடிச்சுத்தான் இப்பிடி ஆகுதா? நாளைக்கு டாக்டரு நம்ம ஊருப் பக்கம் வருவாரு, அவருகிட்டக் காட்டவா, இல்ல கைவைத்தியமே பாக்கவா? சாருகிட்டக் கேட்டுச் சொல்லு தாயி."

படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர். அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு சாம்பல்பழுப்பு ஈ. இரண்டையும் நம்மவருக்கு அனுப்பினேன். குரல்பதிவின் நீளம் முப்பத்தைந்து நொடி. பதில் எட்டு நொடியில் வந்தது. இந்தக் கழித்தல் கணக்கை நான் அன்றே போட்டிருக்கலாம்.

இனப்பெயரை எழுதி, அதன்கீழ், "ஆண். கண்கள் ஒட்டியுள்ளன. ஆண் கடிக்காது, பூந்தேன் குடிக்கும். பயம் வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

நான் படத்தைத் தளத்தில் ஏற்றினேன். அவர் வாக்களித்தார், இரண்டாவது வாக்கை நானே அளித்தேன், பச்சை முத்திரை விழுந்தது. அந்த நிம்மதியில் பெண்களின் குழுவில், "சார் பார்த்துவிட்டார். இந்த ஈ கடிக்காது. பயம் வேண்டாம்" என்று போட்டேன். நாற்பது பேர் படித்தார்கள். பலர் கைகூப்பினார்கள்.

அவர் சொன்னது சரி. இதை எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது, ஆனாலும் எழுத வேண்டும். அந்தப் படத்தில் இருந்தது ஆண் ஈதான். மாட்டு ஈக்களில் இரத்தம் குடிப்பது பெண் மட்டுமே. ஆணுக்கு மாட்டிடம் வேலையில்லை. அதனால்தான் அது சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருந்ததால்தான் அது பாக்கியம் அக்காவின் கைப்பேசிக்குள் சிக்கியது. கடிக்கிற பெண் ஈ மாட்டின் அடிவயிற்றுக்கும் தொடைக்கும் இடையில் பறந்துகொண்டிருந்தது. அது படத்துக்கு நிற்கவில்லை. அந்தக் கொட்டகையில் ஐந்து நிமிடம் நின்ற யாருக்கும் இது விளங்கியிருக்கும். நின்ற பாக்கியம் அக்காவுக்கு விளங்கித்தான் இருந்தது. படித்த இருவர் சேர்ந்து, அவர் கண்ணால் பார்த்ததை இல்லையென்று ஆக்கினோம்.

அன்று மாலையே மூன்று வீடுகளில் கொட்டகைக்கு வேப்பிலைப் புகை போடுவதை நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமை கால்நடை மருத்துவர் வந்தபோது பாக்கியம் அக்கா மாட்டைக் காட்டவில்லை. ஈயினால் இல்லையென்றால் தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமே முடிவு செய்து, வெற்றிலையும் மிளகும் இடித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாடு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. திங்கட்கிழமை காலையில் மருத்துவர் காதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஈக்கள் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கடத்தும் ஒட்டுண்ணி, அதனால் வரும் சர்ரா காய்ச்சல். இரண்டு மாடுகளுக்கும் ஊசி போட்டார். நோய் முற்றாத மாடு தேறும் என்றார். சினைமாட்டைப் பற்றிப் பாக்கியம் அக்கா கேட்டபோது அவர் ஊசியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாராம். மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோதும் கோபப்படவில்லை.

"வியாழக்கிழமை நான் அந்தத் தெருவுலதாம்மா நின்னுக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

நம்மவரை அழைத்துச் செய்தியைச் சொன்னேன்.

"நான் குடுத்த ஐடி தப்பா?" என்று கேட்டார்.

"தப்பில்ல சார்."

"அப்புறம் என்னம்மா?"

"அந்தக்கா காய்ச்சலப் பத்திக் கேட்டிருந்தாங்க சார். டாக்டரக் கூப்பிடவான்னு கேட்டிருந்தாங்க."

"வாய்ஸ் மெசேஜ் எல்லாம் நான் கேக்குறதில்ல. போட்டோ வந்துச்சு, போட்டோவுக்குச் சொன்னேன். மாட்டப் பத்தி நான் என்னைக்காவது ஒரு வார்த்த பேசியிருக்கேனா, நீங்களே சொல்லுங்க."

பேசியதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. 'பயம் வேண்டாம்' என்ற இரண்டு சொற்கள் எந்த மாட்டைப் பற்றி என்று கேட்க நினைத்தேன். அந்தச் சொற்களை நாற்பது வீடுகளுக்குக் கொண்டுபோனவள் நான் என்பதால் கேட்கவில்லை. நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மட்டும் கெஞ்சினேன். சற்று யோசித்தார். "அங்க பெண் ஈ கெடைக்குமா?" என்றார். கிடைக்கும் என்றேன். அன்று மதியமே காரில் வந்துவிட்டார்.

அந்த மாடு மறுநாள் விடிவதற்குள் வயிற்றுக் கன்றோடு இறந்துபோயிற்று. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நாங்கள் போய் நின்ற அந்த மதியத்தில் அது நடக்கப்போகிறது என்று கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் ஒருவரைத் தவிர.

"வாங்க சார், இங்கிட்டு வாங்க. அங்கிட்டு ஒரே சகதியாக் கெடக்கு" என்று பாக்கியம் அக்கா வழி காட்டினார். குரலில் கோபம் இல்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கழுத்து நீண்டிருந்தது. ஒரு கண் எங்கள் பக்கம் திறந்திருந்தது. அது எங்களைப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

அவர் மாட்டைச் சுற்றி வந்தார். அடிவயிற்றில் மடிக்கு மேலே ஒரு பெரிய ஈ உட்கார்ந்திருந்தது. வயிறு புடைத்து, குடித்த இரத்தம் அடிப்பக்கத்தில் சிவப்பாகத் தெரிந்தது. அவர் அப்படியே சகதியில் முழங்கால் போட்டார். அவருடைய உடையில் அழுக்குப் பட்டு நான் பார்த்த முதல் தடவை அது. ஒரு கணம் எனக்கு மரியாதை வரப் பார்த்தது.

"அம்மா, மாட்டக் கொஞ்சம் அசையாமப் புடிச்சுக்கங்க" என்றார்.

"அது எங்க சார் அசையுது" என்றார் பாக்கியம் அக்கா.

கைப்பேசி நான்கைந்து முறை சொடுக்கிற்று. அவர் முகம் மலர்ந்துபோயிருந்தது. ஈயின் இருசொல் பெயரை என்னிடம் மெல்லச் சொன்னார். "இதுல பெண் ஈ, மாவட்டத்துக்கே மொதப் பதிவும்மா இது. ரெண்டு வருசமாத் தேடுறேன்."

"சார், அத அடிங்க" என்றார் பாக்கியம் அக்கா.

"ஒரு நிமிசம்மா. நெத்தி மட்டும் ஒண்ணு எடுத்துக்கிறேன்."

"அடிங்க சார். இன்னும் குடிச்சுக்கிட்டிருக்கு."

"ஒரே நிமிசம்."

பாக்கியம் அக்கா குனிந்து, அவருடைய கைப்பேசிக்கும் மாட்டின் வயிற்றுக்கும் நடுவில் கையை நுழைத்து, ஓங்கி ஒரு அடி அடித்தார். மாடு அசையவில்லை. நிமிர்ந்து, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். நசுங்கிய ஈயும் மாட்டின் இரத்தமும் ரேகைகள் வழியே பரவியிருந்தன.

"இப்பப் பாத்துச் சொல்லுங்க சார். இது கடிக்குமா, கடிக்காதா?"

அவர் முழங்காலில் இருந்தபடியே மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்தக் கையை உற்றுப் பார்த்தார். எட்டு நொடிக்கு மேல் பார்த்தார். பிறகு கைப்பேசியை உயர்த்தி, "கையக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் காட்டுங்கம்மா" என்றார்.